மாப்பிள்ளைச் சம்பாவும் சாயும்

2021-ஆம் வருஷம் போகி அன்னைக்குக் காலையில் பக்கத்து வயல் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ஒரு நடை வயலுக்கு வந்துட்டுப் போங்க" என்றான். குரலே சரியில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். நாலைந்து நாளாக விடாத மழை. அவனுடைய ஆறு மா மாப்பிள்ளைச் சம்பாவும் பாய் விரித்த மாதிரி தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. குனிந்து ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். நெல்லின் முனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அறுக்க இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, நம்ம பாரம்பரிய நெல்லு எதையும் தாங்கும்னு?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. என் வயலும் அதே கதியில்தான் கிடந்தது.

அந்தத் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன். 2020 ஊரடங்கில் வேலை போய், மனைவி மக்களோடு ஊருக்குத் திரும்பினான். ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, "என்னண்ணே போடலாம்?" என்று என்னிடம் வந்தான். எனக்கு அப்போது இயற்கை வேளாண்மையில் பத்து வருஷ அனுபவம். கூட்டங்களில் பேசுகிற பழக்கமும் உண்டு. மேடையில் பேசுகிற அதே வேகத்தில் அவனிடமும் பேசினேன். "மாப்பிள்ளைச் சம்பாவைப் போடுடா. வெள்ளம் வந்தாலும் நிக்கும், காய்ஞ்சாலும் நிக்கும். மருந்துச் செலவு கிடையாது." விதையும் நான்தான் கொடுத்தேன். அவன் கையிலிருந்து போட்டது 43 ஆயிரம் ரூபாய். அதில் பாதி மனைவியின் தோடும் செயினும். கடைசியில் ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து, கறுத்துப்போன நெல் ஒன்பது மூட்டை. அந்த முறை அரசாங்கம் ஹெக்டேருக்கு 20 ஆயிரம் என்று நிவாரணம் அறிவித்தது. ஆனால் பட்டா வேறொருத்தர் பெயரில். தம்பி கைக்கு அது வரவில்லை. அந்த வருஷச் சாப்பாட்டுக்கு அரிசி நான் கொடுத்தேன். அதைப் பரிகாரம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நம் இதழில் வெற்றிக் கதைகள் நிறைய வருகின்றன, வரட்டும். நான் தோற்ற கதையையும், அதற்குப் பிறகு மூணு வருஷமாக என் அஞ்சு ஏக்கரில் என்ன மாற்றினேன் என்பதையும் எழுதுகிறேன். புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் அந்தத் தம்பி மாதிரி ஒருத்தர் வாய்ச்சொல்லை நம்பி இறங்கக் கூடாது என்பதற்காக.

ஒரே நெல், ரெண்டு மழை

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடைமடை. எங்கள் வடிகால் எல்லாம் சுற்றிச் சுற்றி உப்பனாற்றில் விழுந்து திருமுல்லைவாசலில் கடலுக்குப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் ஏறி நின்றால் தண்ணீர் போகாது, திரும்பி வயலுக்கு வரும். மேட்டுப் பக்கத்து உழவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்கு மழை நின்றால் வெள்ளம் வடியும். எங்களுக்கு மழை நின்ற பிறகுதான் வெள்ளமே வரும்.

அந்த 2020-21 சம்பாவில் மூணு அடி விழுந்தது. நவம்பர் கடைசியில் நிவர் புயல். அது எங்களை விட்டு வடக்கே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. அது தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கவே இல்லை, மன்னார் வளைகுடாவிலேயே நின்றுகொண்டு கொள்ளிடம், சிதம்பரம் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது. இடுப்பளவு தண்ணீர் ஆறு நாள் நின்றது. பக்கத்தில் குட்டை ரகம் போட்டவர்கள் வயலில் பயிரே தெரியவில்லை. எங்கள் மாப்பிள்ளைச் சம்பா நாலடி உயரத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி பொதி கட்டியது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். நானும் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினேன்.

மூணாவது அடி ஜனவரியில். அப்போது கதிர் முற்றி, தலை கனத்து நிற்கிறது. அதே நெல், அதே வயல். டிசம்பரில் அதைக் காப்பாற்றிய உயரம்தான் ஜனவரியில் அதைக் கீழே தள்ளியது.

இதை நான் யோசித்ததே இல்லை. 'தாங்கும்' என்று நாம் சொல்லும்போது எந்தப் பருவத்தில், எதை என்று சேர்த்துச் சொல்வதில்லை. நெல்லுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பலவீனம். நட்டு இருபது நாள் பயிர் முழுகினால் மூச்சு முட்டிச் சாகும், அதுவும் கலங்கல் தண்ணீராக இருந்தால் வெளிச்சமும் கிடைக்காது. தூர் கட்டின பயிர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பூக்கும்போது வெள்ளம்கூட வேண்டாம், காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிவரை நாலைந்து நாள் தொடர்ந்து தூறினால் போதும். நெல் பூ திறக்கும் நேரமே அதுதான். மகரந்தம் நனைந்து போய் கதிர் சாவியாகிவிடும். அதே நேரத்தில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனாலும் சாவிதான், இது குறுவைக்காரர்களுக்குத் தெரியும். பால் பிடித்து முற்றிய பிறகு சாய்ந்தால், ஈரம் பட்ட நெல் கதிரிலேயே முளைக்கும். எந்த ரகமும் இத்தனையையும் ஒண்ணாகத் தாங்காது.

ஏன் சாய்ந்தது என்று எங்கள் வட்டத்தில் மூத்த உழவர் ஒருத்தரைக் கூட்டிவந்து காட்டினேன். எண்பது வயசு, உர மூட்டை வருவதற்கு முன் நெட்டை நெல் பயிர் பண்ணினவர். வயலைச் சுற்றி வந்து, வைக்கோலை ஒடித்துப் பார்த்தார். "நல்லா தீனி போட்டிருக்க" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். "ரொம்பப் போட்டிருக்க. உடம்பு பெருத்த மாடு சேத்துல எழுந்திருக்குமா?"

உண்மைதான். தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன். அதற்கு மேல் தொழு உரம். நடவுக்குப் பிறகு கன ஜீவாமிர்தம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஞ்சகவ்யா, போதாக்குறைக்கு மீன் அமிலம். பயிர் கரும்பச்சையாக நின்றது. பார்க்கிறவர்கள் யூரியா போட்டீர்களா என்று கேட்டார்கள், எனக்குப் பெருமை. தழைச்சத்து யூரியாவிலிருந்து வந்தாலும் தக்கைப்பூண்டிலிருந்து வந்தாலும் நெல்லுக்குத் தழைச்சத்துதான். அது மிஞ்சினால் தண்டு நீளும், பூஞ்சையாகும். தண்டுக்கு உறுதி கொடுக்கிற மணிச்சத்தல்லாத இன்னொன்று, சிலிக்கா, வைக்கோலிலும் உமிச் சாம்பலிலும் இருக்கிறது. சாம்பல் சத்தும் அங்கேதான். நான் வருஷா வருஷம் வைக்கோலை விற்றுவிட்டு, வெளியிலிருந்து கரைசல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் இன்னொண்ணும் கேட்டார். "தழை அறுத்தியா?" அந்தக் காலத்தில் நெட்டை நெல்லை, கதிர் உருவாவதற்கு முன்னால், மேல் தழையை அரிவாளால் கொய்து மாட்டுக்குப் போடுவார்களாம். உயரம் அடங்கும், தூர் தடிக்கும். எங்க அப்பாவும் செய்திருக்கிறார் என்று அப்புறம்தான் அம்மா சொன்னாங்க. நாம் விதையை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தோம். அதோடு இருந்த கைவேலையை மீட்கவில்லை.

மழை எப்படி மாறியிருக்கிறது

சிலர் "இது எப்பவும் உள்ளதுதானே, 1977-ல வராத புயலா?" என்பார்கள். புயல் எப்போதும் உண்டு. ஆனால் எண்களைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மூணு மாதத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டின் சராசரி ஏறக்குறைய 44 செ.மீ. 2016-ல் அதில் 62 சதவீதம் குறைந்தது. டெல்டா காய்ந்து வெடித்தது. 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில் ஒரே நாளில் பெய்தது 44 செ.மீ. மூணு மாத மழை ஒரு நாளில்! 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 செ.மீ. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ரொம்ப நேரம் பிடித்து வைத்து, மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது. பெய்யாத நாளும் கூடுகிறது, பெய்தால் கொட்டுவதும் கூடுகிறது.

கண்ணுக்குத் தெரியாமல் இன்னொண்ணும் நடக்கிறது, இரவுச் சூடு. பயிர் பகலில் சமைத்ததை இரவில் மூச்சு விட்டே கொஞ்சம் செலவழிக்கும். இரவு சூடானால் செலவு கூடும், மணிக்குப் போவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1979 முதல் 2003 வரை எடுத்த கணக்கை வைத்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. கோடைப் பருவ நெல்லில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. வெள்ளத்தில் போனால் படம் எடுத்து அனுப்பலாம், பேப்பரில் வரும். இது மூட்டைக் கணக்கில் மெதுவாகக் குறையும். நாம் "இந்த வருஷம் என்னமோ எடை நிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

நான் மாற்றியது

தம்பி மறுபடி ஒருநாள் கேட்டான். "அப்ப எந்த நெல்லுதாண்ணே போடுறது?" அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. எந்த வயலுக்கு, எந்தத் தேதிக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

நம் தாத்தாக்களுக்கு இது தெரியும். தஞ்சை டெல்டாவில் குறுவை விதையையும் ஒட்டடையான் விதையையும் ஒண்ணாகக் கலந்து விதைக்கிற பழக்கம் இருந்தது. குறுவை ஐப்பசி வாக்கில் அறுப்புக்கு வரும். அதோடு தாளாக அறுபட்ட ஒட்டடையான் மறுபடி துளிர்த்து, வெள்ளத்தைத் தாங்கி, மாசியில் கதிர் தரும். ஒண்ணு போனால் ஒண்ணு. இப்போது மிஷின் அறுப்பில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வயலின் மேடு பள்ளத்தை அளந்தேன். இருபது வருஷமாக உழுகிற வயல், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தபோதுதான், வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் ஒண்ணரை அடி வித்தியாசம் என்று தெரிந்தது. பதினைந்து மாவையும் மூணாகப் பிரித்தேன். மேட்டில் மூணு மா, நடுவில் ஆறு, பள்ளத்தில் ஆறு.

பள்ளத்தில் மாப்பிள்ளைச் சம்பாவேதான். அதை நான் கைவிடவில்லை. ஆனால் ஆடிக் கடைசியிலேயே நேரடி விதைப்பு, வெள்ளம் வரும்போது அதற்கு மூணு மாத வயசு இருக்க வேண்டும். தக்கைப்பூண்டு இல்லை. வைக்கோலை வயலிலேயே விட்டுவிட்டேன். உமிச் சாம்பல் போட்டேன். பஞ்சகவ்யாவை ரெண்டு தெளிப்போடு நிறுத்தினேன். மழை தொடங்குகிற வரை காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் வேர் கீழே இறங்கும். அறுபது, அறுபத்தைந்து நாளில் தழையைக் கொய்தேன். ஆளுக்கு ஐந்நூறு கூலி கொடுத்து நல்ல பயிரை அறுப்பதைப் பார்த்து எங்க வீட்டம்மா ரெண்டு நாள் பேசவில்லை.

நடுவில் தூயமல்லி, 135, 140 நாள், அடிக்கு அடி ஒற்றை நாற்று. மேட்டில் ஜூனில் கருங்குறுவை போட்டு அக்டோபர் மழைக்கு முன் அறுத்துவிடுவது. அறுத்த கையோடு அந்த மேட்டு மூலையில் ஒரு குழியளவு அல்ல, நாலு குழி இடத்தில் மாற்று நாற்றங்கால் ஒண்ணு. குள்ளக்கார் விதை. தேவைப்பட்டால் நடுவது, இல்லாவிட்டால் மாட்டுக்கு. "வீண் செலவு" என்று எல்லாரும் சொன்னார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை வடிகால். நான் எத்தனை ரகம் மாற்றினாலும் எனக்குக் கீழே உள்ள வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து, மாவுக்கு இருநூறு ரூபாய் போட்டு, பொக்லைன் பிடித்து எங்கள் எல்லைக்குள் தூர் வாரினோம். அதில் ஆறு பேர் ரசாயன விவசாயிகள். வடிகாலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சின்ன வாய்க்கால்களை நூறு நாள் வேலையில் ஊராட்சி செய்துகொடுத்தது. பக்கத்து வயல்காரரோடு பாகச் சண்டையில் பேச்சில்லாமல் இருந்தவர் ஒருத்தர், அந்த வேலைக்காகப் பேச ஆரம்பித்தார். இன்னும் பேசுகிறாரா என்பது வேறு கதை.

2022 நவம்பர் 11

அந்த ராத்திரி யாரும் தூங்கவில்லை. விடிந்தபோது வயலும் ரோடும் ஒண்ணாக இருந்தது. பள்ளத்து மாப்பிள்ளைச் சம்பா நுனி மட்டும் தெரிந்தது. தொண்ணூறு நாள் பயிர். நடுவில் தூயமல்லி நட்டு இருபத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது, முழுசாக முழுகிவிட்டது. எங்கள் வடிகால் நாலாவது நாள் இழுக்க ஆரம்பித்தது. தூர் வாராத பக்கத்தில் பத்து, பன்னிரண்டு நாள் நின்றது.

எட்டாவது நாள் இறங்கிப் பார்த்தேன். பள்ளத்தில் சேதம் குறைவு. நடு வயலில் பாதிக்குப் பாதி அழுகல். தண்ணீர் வடிந்ததும் கையில் இருக்கிற கரைசலை எல்லாம் ஊற்றத் தோன்றும், செய்யாதீர்கள். வேர் அழுகிக் கிடக்கிற பயிரால் எதையும் எடுக்க முடியாது. இலையில் படிந்த வண்டலைத் தெளிந்த தண்ணீரால் கழுவிவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துக் காத்திருந்தேன். நாலைந்து நாளில் கறுப்பு வேருக்கு நடுவே வெள்ளை வேர் ஒண்ணு ரெண்டு தெரிந்தது. அதன் பிறகுதான் வேப்பம் பிண்ணாக்கும் சாம்பலும் கலந்து போட்டேன், அமிர்தகரைசல் விட்டேன். பிழைத்த குத்துகளில் தூர் பிரித்து, செத்த இடங்களில் நட்டோம். அதற்கும் எட்டாத ரெண்டு மாவில் மாற்று நாற்றங்காலில் இருந்த குள்ளக்கார் போனது. நாற்றுக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது, கொஞ்சம் முற்றல்தான். பக்கத்தில் நாலு பேர் நாற்று கேட்டு வந்தார்கள். இருந்த மிச்சத்தைக் கொடுத்தேன்.

தம்பி அந்த வருஷம் என் பேச்சைக் கேட்கவில்லை, சி.ஆர். 1009 சப்-1 போட்டிருந்தான். முழுகியும் அவன் பயிர் பெரும்பாலும் பிழைத்தது. நம் இதழில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். சப்-1 என்கிற அந்தக் குணம் கம்பெனி கண்டுபிடித்ததல்ல. ஒடிசா உழவர்கள் வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்து, ஒட்டுச் சேர்த்துக் கொண்டுவந்தது. மரபணு மாற்றுப் பயிரும் இல்லை. நம்முடைய மடுமுழுங்கி மாதிரி நெல் தண்ணீரோடு சேர்ந்து மேலே மேலே வளர்ந்து தப்பிக்கும். சப்-1 உள்ள நெல் வளராமல், சத்தைச் செலவழிக்காமல், ஏறக்குறைய ரெண்டு வாரம் அடங்கிக் கிடந்து, தண்ணீர் போனதும் எழுந்திருக்கும். ரெண்டு தந்திரமும் உழவர் வயலில் பிறந்ததுதான். அது ஒடிசாவில் இருந்த மாதிரி, நம் பக்கத்துப் பழைய நெல் எத்தனையில் என்னென்ன குணம் இருக்கிறதோ. நாம் அரிசியின் மருத்துவ குணத்தை எழுதுகிற அளவுக்கு வயல் குணத்தை எழுதி வைப்பதில்லை.

அதே பருவத்தில் 2023 பிப்ரவரி முதல் வாரம் மறுபடி மழை, அறுப்பு நேரத்தில். பள்ளத்து மாப்பிள்ளைச் சம்பா தை முதல் வாரத்திலேயே அறுத்துக் களத்தை விட்டுப் போயிருந்தது. ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை, அறுபது கிலோ மூட்டை. தூயமல்லி மாட்டிக்கொண்டது. பாதி சாய்ந்து, கடைசியில் ஏக்கருக்கு எட்டு மூட்டைதான். குள்ளக்கார் குட்டை என்பதால் நின்றது. தம்பியின் சி.ஆர். நவம்பரில் தப்பி பிப்ரவரியில் மாட்டியது. நெல்லை ரோட்டில் கொட்டி, கொள்முதலுக்குக் கேட்கிற 17 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவருவதற்குள் அவனும் அவன் மனைவியும் ஆறு ராத்திரி ரோட்டிலேயே படுத்தார்கள். உளுந்து யாருக்குமே இல்லை. அறுப்புக்கு முன் தெளித்தது முளைத்து அழுகியது. அதற்கு இன்னும் என்னிடம் வழியில்லை.

கணக்குப் பார்த்தால், அந்த வருஷம் எனக்கு லாபம் என்று ஒண்ணுமில்லை. போட்ட காசு வந்தது. விதை மிஞ்சியது. 2021-ல் அதுகூட இல்லை.

விதையை எங்கே வைப்பது

2021-ல் என் விதை நெல் முழுவதும் முளைத்துப் போனது. பதினொரு வருஷம் கைவிடாமல் வைத்திருந்த மாப்பிள்ளைச் சம்பா. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கியது. அங்கே நெல் ஜெயராமன் ஐயா காலத்திலிருந்து ரெண்டு கிலோ கொடுத்தால் அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கு. அது விதை பெருகுவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் அதே கணக்கில் விதை கொடுத்திருந்த ஓர் அக்கா, திருவாரூர் மாவட்டத்தில் மேட்டு நிலத்தில் பயிர் செய்கிறவர், எட்டு கிலோ கொண்டுவந்து கொடுத்தார். "உங்க நெல்லுதாண்ணே, எங்கிட்ட பத்திரமா இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரகத்திலும் கொஞ்சம், எங்கள் ஊர் வெள்ளம் எட்டாத வேறு தாலுகாவில் ஒரு வீட்டில் வைக்கிறேன். அவர்களுடைய விதை என் வீட்டுப் பரணில். பயிர்க் காப்பீட்டுக்கு வருவாய் கிராமம் முழுவதுக்கும் சேர்த்துத்தான் மகசூல் கணக்கு. என் பள்ளத்து வயல் போனதா இல்லையா என்பது அதில் தெரியாமலே போகலாம். காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, கெடு தேதிக்குள் கட்டுங்கள். விதைக்குக் காப்பீடு இந்த மாதிரி வீடுகள்தான்.

2023-ல் மறுபக்கம் பார்த்தோம். மேட்டூர் ஜூன் 12-ல் வழக்கம்போலத் திறந்தார்கள், அக்டோபர் 10-ல் தண்ணீரில்லாமல் மூடினார்கள். கடைமடைக் குறுவை காய்ந்தது. என் மேட்டுக் கருங்குறுவையும் போச்சு. மூணு மாவில் நாலு மூட்டை. பள்ளத்தில் புழுதியில் விதைத்த சம்பா மட்டும் வாடி வாடி நின்று, ஐப்பசி மழையில் எழுந்தது. பிறகு 2024 ஜனவரி 7, 8-ல் கனமழை. மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்தது. ஆமாம், தழை கொய்தும், தீனியைக் குறைத்தும், கால்வாசி சாய்ந்தது. ஆனால் வடிகால் ரெண்டே நாளில் இழுத்தது. சாய்ந்ததை நாலு நாலு குத்தாகத் தூக்கிக் கட்டினோம். முளைக்கவில்லை. ஏக்கருக்குப் பதினைந்து மூட்டை.

இதை எழுதுகிற 2024 ஆனி மாதம் வரை மேட்டூர் திறக்கவில்லை. அணையில் அப்போது தண்ணீர் இல்லை. நேற்றுச் சாயங்காலம் தம்பி ஒரு நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். நாலு வருஷமாக எந்தத் தேதியில் மழை, எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பயிருக்கு அப்போது என்ன வயசு என்று எழுதி வைத்திருக்கிறான். நான் எழுதவில்லை. "தண்ணி ஆடியில வந்தா ஒரு கணக்கு, ஆவணி பாதியில வந்தா ஒரு கணக்கு, வராமலே போனா ஒரு கணக்கு. மூணுக்கும் விதை தனித்தனியா எடுத்து வச்சிடலாமாண்ணே?" என்றான். மூணு மாவில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா மறுபடி போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். நான் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் பள்ளத்து வயலை இதுவரை அளந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்யூபை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான்.